பழைய கம்ப்ரசரை மேம்படுத்துவது எப்படி: டேங்கிலிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

பெல்ட்டில் ஓடும் பழைய காற்றுக் கம்ப்ரசர் ஒன்று கைக்கு வந்ததும் பலருக்கும் முதலில் தோன்றுவது பெரிய மோட்டார் ஆசைதான். அந்த வரிசையைத் தலைகீழாக்கச் சொல்வேன். வார்ப்பிரும்புப் பம்ப் பல பத்தாண்டுகள் உழைக்கும். ரிங், கேஸ்கெட், வால்வுத் தகடு ஆகியவற்றை மாற்றினால் மறுபடியும் எழுந்து ஓடும். எரிந்த மோட்டாரை ரீவைண்டிங் செய்துவிடலாம். அழுத்திய காற்றைச் சேமிக்கும் டேங்குக்கு மட்டும் மறுபிறவி கிடையாது. அது உள்ளிருந்து துருப்பிடிக்கிறது, வெளியே பூசிய பெயின்ட் புதிதுபோல் இருக்கும்போதே மெலிகிறது. டேங்க் தேறினால்தான் மற்ற எதற்கும் செலவு செய்ய வேண்டும்.

டேங்கைச் சோதித்தல்

100 லிட்டர் டேங்கில் 8 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு; வளிமண்டல அழுத்தம் ஏறக்குறைய 1 பார்) அழுத்தத்தில் அடைத்த காற்றுக்குள் இருக்கும் ஆற்றல் ஏறத்தாழ ஒரு லட்சம் ஜூல். ஒரு டன் எடையுள்ள காரைப் பத்து மீட்டர் உயரத்துக்குத் தூக்கத் தேவையான ஆற்றல் அது. டேங்க் கிழியும்போது இந்த ஆற்றல் முழுவதும் ஒரு கணத்தில் வெளியே வருகிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் அடுத்த வேலைகளைத் தொட வேண்டும்.

மின் இணைப்பைப் பிடுங்குங்கள். அடியில் உள்ள வடிகால் வால்வைத் திறந்து காற்றை முழுவதும் வெளியேற்றுங்கள். அழுத்தமானி பூஜ்யம் காட்டினாலும் அதை நம்பிவிடாமல், அழுத்தம் மீறினால் தானே திறக்கும் சேஃப்டி வால்வின் வளையத்தை இழுத்துப் பாருங்கள். பழைய மானிகள் முள் சிக்கி நிற்பதுண்டு.

அடுத்து டேங்கின் பெயர்த் தகட்டைத் தேடுங்கள். அதிகபட்ச வேலை அழுத்தம் அதில் பொறிக்கப்பட்டிருக்கும். இனி வரும் எல்லாக் கணக்குக்கும் அந்த எண்தான் அடிப்படை. தகடு இல்லை, எழுத்து அழிந்துவிட்டது என்றால் எந்த அழுத்தத்துக்குச் சோதிப்பது என்பதற்கே ஆதாரமில்லை. அப்படிப்பட்ட டேங்கை நான் ஏற்கமாட்டேன். பம்பையும் மோட்டாரையும் வைத்துக்கொண்டு டேங்கைக் கழித்துவிடுவதே சரி.

தகடு இருந்தால் பெரிய துளையின் அடைப்பைக் கழற்றி உள்ளே விளக்கு விட்டுப் பாருங்கள். கைபேசியுடன் இணையும் குழாய் கேமரா இருந்தால் இன்னும் நல்லது. மெல்லிய பழுப்புப் படலம் எல்லா டேங்கிலும் இருக்கும். அதற்கு அஞ்ச வேண்டாம். செதில் செதிலாக உரியும் துரு, குண்டும் குழியுமான அடிப்பகுதி, கால்கள் பற்றவைக்கப்பட்ட இடத்தைச் சுற்றி விரிசல் ஆகியவைதான் அபாய அறிகுறிகள். தண்ணீர் தேங்குவது அடியில் என்பதால் அரிப்பும் அங்கேதான் அதிகம். சுத்தியலால் தட்டி ஓசையைக் கேட்டுத் தீர்ப்பு சொல்லும் வழக்கத்தை நம்பாதீர்கள். மீயொலித் தடிமன்மானி ஒன்று கிடைத்தால் அடிப்பகுதியில் நெருக்கமாகப் பல புள்ளிகளிலும் பக்கச் சுவரில் சில புள்ளிகளிலும் அளந்து ஒப்பிடுங்கள். அடித்தகடு கணிசமாக மெலிந்திருந்தால் அதோடு அந்த டேங்கின் கதை முடிந்தது.

கண்ணுக்குத் தேறிய டேங்குக்கு அடுத்து நீரழுத்தச் சோதனை. நீர் ஏறக்குறைய அமுங்காத பொருள். அதனால் அதே அழுத்தத்தில் காற்றைவிட மிகக் குறைந்த ஆற்றலையே அது சேமிக்கிறது; டேங்க் விட்டுக்கொடுத்தால் நீர் பீறிடும், அழுத்தம் உடனே விழுந்துவிடும், வெடிக்காது. செய்முறை இதுதான்:

1. பம்ப், பிரஷர் சுவிட்ச், சேஃப்டி வால்வு எல்லாவற்றையும் கழற்றி, துளைகளை எஃகு அடைப்பான்களால் மூடுங்கள்.
2. மிக உயரமான துளையை மட்டும் திறந்துவைத்து நீரை நிரப்புங்கள். டேங்கைச் சற்றுச் சாய்த்து ஆட்டி, குமிழிகள் முழுவதும் வெளியேறும்வரை பொறுமையாக இருங்கள். உள்ளே காற்று மிஞ்சினால் இந்தச் சோதனையின் பாதுகாப்பே போய்விடும்.
3. கையால் இயக்கும் சோதனைப் பம்பையும் நம்பகமான அழுத்தமானி ஒன்றையும் இணைத்து, படிப்படியாக அழுத்தத்தை ஏற்றுங்கள். வேலை அழுத்தத்தைப் போல் 1.3 மடங்கிலிருந்து 1.5 மடங்கு வரை என்பது வழக்கம். தகட்டில் 8 பார் என்றிருந்தால் 10.4 முதல் 12 பார் வரை. தகட்டிலேயே சோதனை அழுத்தம் தரப்பட்டிருந்தால் அதைத் தாண்ட வேண்டாம்.
4. அரைமணி நேரம் அப்படியே நிறுத்துங்கள். முள் இறங்கக் கூடாது. பற்றவைப்பு ஓரங்களில் ஒரு துளி ஈரம்கூடக் கசியக் கூடாது. எங்கும் புடைப்பு தெரியக் கூடாது.

இந்தச் சோதனையைக் காற்றை வைத்து ஒருபோதும் செய்யாதீர்கள். அழுத்தக் கலன்களுக்குச் சான்று பெற்ற ஆய்வாளரின் சோதனை சட்டப்படி தேவைப்படும் இடமாக இருந்தால் அவரிடமே கொடுங்கள். அந்தச் செலவு வீணல்ல.

தேறாத டேங்கின் ஓட்டையைப் பற்றவைத்து அடைப்பதோ எபாக்சி பூசுவதோ தீர்வாகாது. ஒரு ஓட்டை தெரிகிறது என்றால் அதைச் சுற்றியுள்ள தகடு முழுவதும் காகிதமாக மெலிந்துவிட்டது என்று பொருள். வேறு டேங்க் வாங்குங்கள். பம்பை ஏற்றுவதற்கான மேல்தட்டுடன் வரும் டேங்காகத் தேர்ந்தெடுங்கள். தட்டில்லாத டேங்கின் உடலில் நீங்களே தாங்கியைப் பற்றவைக்காதீர்கள். பம்பையும் மோட்டாரையும் தனிச் சட்டத்தில் நிறுத்தி, வெப்பம் தாங்கும் வளைகுழாய் மூலம் இணைத்துக்கொள்ளலாம்.

காவல் உறுப்புகள்

டேங்க் தேறிவிட்டால், அதன் மேல் இருந்த பழைய பொருத்திகளைத் திரும்ப மாட்டாதீர்கள். சேஃப்டி வால்வு, பிரஷர் சுவிட்ச், திரும்பு தடுப்பு வால்வு, அழுத்தமானி ஆகிய நான்கையும் புதிதாகப் போடுவேன், பார்க்க நன்றாக இருந்தாலும்கூட. முழு இயந்திரத்தின் மதிப்போடு ஒப்பிட்டால் இவற்றின் விலை சிறியது. காவல் காப்பதோ இவைதான்.

சேஃப்டி வால்வு திறக்கும் அழுத்தம் டேங்கின் அதிகபட்ச வேலை அழுத்தத்தை மீறக் கூடாது. பம்ப் தரும் காற்று முழுவதையும் வெளியேற்றும் கொள்திறனும் அதற்கு வேண்டும். அதற்கும் டேங்குக்கும் இடையே எந்த மூடும் வால்வும் இருக்கக் கூடாது. பிரஷர் சுவிட்ச் மோட்டாரை நிறுத்தும் புள்ளி இதைவிடக் குறைந்தது 1 பார் கீழே இருக்கட்டும். சேஃப்டி வால்வு 8 பாரில் திறக்குமென்றால் 7 பாரில் நிறுத்தி, 5 பாரில் மீண்டும் ஓடச் செய்வது நல்ல ஏற்பாடு.

பம்பிலிருந்து வரும் குழாய் டேங்கில் நுழையும் இடத்தில் இருப்பது திரும்பு தடுப்பு வால்வு. மோட்டார் நின்றதும் குழாயில் மிஞ்சிய அழுத்தத்தைப் பிரஷர் சுவிட்சுக்கு அடியில் உள்ள சிறிய வெளியேற்று வால்வு விடுவிக்கும். ஒரு நொடி ‘புஸ்’ என்று கேட்பது அந்த ஓசைதான். அது ஓயாமல் சீறினால் திரும்பு தடுப்பு வால்வு கசிகிறது. ஓசையே வராமல், அடுத்த முறை மோட்டார் முனகிக்கொண்டு சுழல மறுத்தால் வெளியேற்று வால்வு வேலை செய்யவில்லை. இந்த இரண்டு அறிகுறிகளையும் அறியாமல் நல்ல மோட்டாரைக் கழற்றி ரீவைண்டிங்குக்குக் கொண்டுபோகிறவர்கள் ஏராளம்.

மரைகளில் டெஃப்லான் நாடா சுற்றும்போது முதல் இரண்டு மரைகளை வெறுமையாக விடுங்கள். நாடாத் துணுக்கு ஒன்று உள்ளே போய்த் திரும்பு தடுப்பு வால்வின் இருக்கையில் அமர்ந்தால் புதிய வால்வும் கசியும்.

மாற்றுவதற்கு முன் அளவு

இப்போது இயந்திரத்தை அப்படியே ஓட்டி, அது உண்மையில் எவ்வளவு காற்றுத் தருகிறது என்று அளந்துகொள்ளுங்கள். டேங்கின் வெளிவழியை மூடி, அழுத்தம் 4 பாரிலிருந்து 7 பாருக்கு ஏற எடுக்கும் நேரத்தைக் கடிகாரத்தில் பாருங்கள். டேங்கின் லிட்டரை ஏறிய அழுத்தத்தால் பெருக்கி, நிமிடங்களால் வகுத்தால் விடை வந்துவிடும். 100 லிட்டர் டேங்க், 3 பார் ஏற்றம், 2 நிமிடம் என்றால் நிமிடத்துக்கு 150 லிட்டர். சூடான காற்று சற்று அதிகமாகக் காட்டும். ஒப்பிட்டுப் பார்க்க அது தடையில்லை.

பிறகு மோட்டாரை நிறுத்தி ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். டேங்க் குளிரும்போது முள் சிறிது இறங்குவது இயல்பு. அதற்குப் பிறகும் இறங்கிக்கொண்டே இருந்தால் சோப்பு நீரைத் தூரிகையால் பூசிக் கசிவைக் கண்டுபிடியுங்கள். காசில்லாமல் கிடைக்கும் மேம்பாடு இது ஒன்றுதான்.

நல்ல நிலையில் உள்ள பிஸ்டன் கம்ப்ரசர் ஒரு குதிரைத்திறனுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 லிட்டர் தரும். உங்கள் அளவு அதைவிட வெகுவாகக் குறைந்தால் குறை பம்பில்தான். பெரிய மோட்டார் அதைத் தீர்க்காது.

பம்பைத் திறத்தல்

ஹெட் போல்ட்டுகளைக் குறுக்கு வரிசையில் தளர்த்தி எடுங்கள். வால்வுத் தட்டின் வெளியேற்றப் பக்கத்தில் கரி படிந்திருக்கும். அது கெட்டியாக இருந்தால் பம்ப் அதிகச் சூட்டில் ஓடியிருக்கிறது, அல்லது எண்ணெய் மேலே ஏறுகிறது. பித்தளைத் தூரிகையாலும் கரைப்பானாலும் சுத்தம் செய்யுங்கள்; வால்வு அமரும் பரப்பில் கீறல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வால்வாக இயங்கும் மெல்லிய எஃகு நாக்குகளில் விளிம்பு விரிசலோ வளைவோ தெரிந்தால் மாற்ற வேண்டும். சிலிண்டர் சுவரை விரல் நகத்தால் தடவும்போது நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் ரிங் மாற்றுவது மட்டும் போதாது. சிலிண்டரை போரிங் செய்ய, அதாவது உட்புறத்தைக் கடைந்து சீராக்க, வேண்டியிருக்கும்.

இரண்டு சிலிண்டர்களும் ஒரே விட்டமா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். ஒன்று பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருந்தால் அது காற்றை இரண்டு படிகளாக அழுத்தும் இரட்டைக் கட்டப் பம்ப். அதிக அழுத்தத்துக்கு ஏற்றது. ஒரே அளவு என்றால் ஒற்றைக் கட்டம். ஒற்றைக் கட்டப் பம்பை 8 பாருக்கு மேல் விரட்டினால் கிடைப்பது பெரும்பாலும் வெப்பம்தான்.

கேஸ்கெட்டைப் புதிதாக வைத்து, போல்ட்டுகளைக் குறுக்கு வரிசையில், இரண்டு மூன்று சுற்றுகளாக முறுக்குங்கள். எண்ணெய் விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை: சோப்புத்தன்மைச் சேர்மானம் இல்லாத கம்ப்ரசர் எண்ணெய், ஐ.எஸ்.ஓ. வி.ஜி. 100 என்ற பாகுநிலைத் தரம். கார் எஞ்சின் எண்ணெயில் உள்ள சேர்மானங்கள் நீரையும் அழுக்கையும் எண்ணெயோடு கலந்தே வைத்திருக்கும், நுரையையும் கிளப்பும். எஞ்சினில் வடிகட்டி உண்டு. இந்தப் பம்புகளில் பொதுவாக அது கிடையாது. நீரும் அழுக்கும் தனியாகப் பிரிந்து அடியில் தங்குவதே இங்கே நல்லது.

காற்று உள்ளிழுக்கும் வடிகட்டியையும் புதிதாக்குங்கள். அடைபட்ட வடிகட்டி பம்பின் மூச்சைப் பிடிக்கும். வடிகட்டியே இல்லையென்றால் பட்டறைத் தூசி சிலிண்டரை அரைக்கும்.

வேகமும் மோட்டாரும்

பம்பின் வேகத்தைத் தீர்மானிப்பது புல்லிகள். மோட்டார் வேகத்தை மோட்டார் புல்லியின் விட்டத்தால் பெருக்கி, பம்ப் சக்கரத்தின் விட்டத்தால் வகுக்க வேண்டும். நிமிடத்துக்கு 1440 சுற்று ஓடும் மோட்டார், 125 மி.மீ. புல்லி, 300 மி.மீ. சக்கரம் என்றால் பம்ப் 600 சுற்று ஓடும். புல்லியை 150 மி.மீ. ஆக்கினால் 720 சுற்று. காற்று ஐந்தில் ஒரு பங்கு கூடும். மோட்டார் இழுக்க வேண்டிய திறனும் அதே அளவாவது கூடும். ஒன்றரைக் குதிரைத்திறன் முழுச் சுமையில் இருந்திருந்தால் இப்போது 1.8 தேவை, ஆகவே 2 குதிரைத்திறன் மோட்டார்.

பம்பின் அனுமதி வேகத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வால்வு நாக்குகள் உரிய நேரத்தில் மூடாமல் படபடக்கும், ஹெட் சூடேறும், எண்ணெய் மேலே ஏறும். காற்று கூடியதுபோலவும் தெரியாது. அனுமதி வேகம் எவ்வளவு என்று எங்கும் எழுதப்படவில்லை என்றால் பழைய வேகத்திலேயே விட்டுவிடுங்கள். கூடுதல் காற்று தேவைப்படுகிறவர் பெரிய பம்பைத் தேடுவதே மேல்.

இன்னொரு டேங்கைச் சேர்த்தால் காற்று பெருகும் என்று நினைப்பவர்கள் உண்டு. இருப்பு பெருகும், உற்பத்தி பெருகாது. விட்டு விட்டு இயங்கும் போல்ட் துப்பாக்கிக்கு அது உதவும். பரப்பைத் தேய்க்கும் சாண்டர்போல் தொடர்ந்து காற்றைக் குடிக்கும் கருவிக்கு, முள் இறங்குவதைச் சிறிது தள்ளிப்போடும், அவ்வளவுதான். டேங்க் இரட்டிப்பானால் நிரம்பும் நேரமும் இரட்டிப்பாகும்.

புல்லிகள் இரண்டும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று நீளமான நேர்ச்சட்டம் வைத்துப் பாருங்கள். பெல்ட்டின் தாங்கலற்ற நீளம் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 16 மி.மீ. அமுங்கும் இறுக்கம் போதும். பம்ப் சக்கரத்தின் ஆரங்கள் விசிறிபோல் சிலிண்டர் மீது காற்றை வீசும்படி அமைந்திருக்கும். மோட்டார் எதிர்த்திசையில் சுழன்றால் பம்ப் ஓடும், ஆனால் குளிராது. சக்கரத்தில் அம்புக்குறி இருக்கிறதா பாருங்கள். பெல்ட்டுக்கு மூடி இல்லாமல் ஓட்டாதீர்கள். பிரஷர் சுவிட்ச் எந்த நொடியிலும் மோட்டாரை இயக்கிவிடும்.

மின்சாரப் பக்கம் சுருக்கமாக: மோட்டார் புறப்படும்போது இயல்பான மின்னோட்டத்தைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு வரை இழுக்கும். நீளமான, மெல்லிய நீட்டிப்புக் கம்பியில் மின்னழுத்தம் விழுந்து மோட்டார் திணறும். கம்ப்ரசருக்குத் தனி இணைப்பு, உரிய தடிமனில் கம்பி, சுமை மீறினால் துண்டிக்கும் ஓவர்லோடு ரிலே, சரியான எர்த் இணைப்பு ஆகியவை வேண்டும். கம்பி நீளம் பற்றாவிட்டால் காற்றுக் குழாயை நீட்டுங்கள். மோட்டாரின் கேப்பாசிட்டரைத் தொடுமுன் அதில் மிஞ்சிய மின்னூட்டத்தை மின்தடை ஒன்றின் வழியாக இறக்குங்கள். வயரிங் பழக்கமில்லாதவர் இந்தப் பகுதியை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிட வேண்டும்.

தண்ணீரைப் பிரித்தல்

என் கருத்தில், பழைய கம்ப்ரசருக்குச் செய்யக்கூடிய மிகச் சிறந்த மேம்பாடு இதுதான். வண்ணம் தெளிப்பவர் படும் பாட்டில் பெரும்பகுதி காற்றில் வரும் தண்ணீரால் வருகிறது.

30 டிகிரி வெப்பநிலையில் ஒரு கனமீட்டர் காற்று அதிகபட்சம் சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். ஈரப்பதம் 70 விழுக்காடு என்றால் அதில் 21 கிராம் இருக்கும். மானியில் 8 பாருக்கு அழுத்தும்போது, வளிமண்டலத்தின் 1 பாரும் சேர்வதால், ஒன்பது கனமீட்டர் காற்று ஒரு கனமீட்டருக்குள் அடங்குகிறது. நீராவி 189 கிராம். அது மறுபடி 30 டிகிரிக்குக் குளிர்ந்தால் 30 கிராமை மட்டுமே தாங்கும். மீதி ஏறத்தாழ 160 கிராம் தண்ணீராக விழுந்தே தீரும். நிமிடத்துக்கு 150 லிட்டர் தரும் பம்ப் ஒரு மணி நேரம் ஓடினால் அது ஒன்பது கனமீட்டர். ஆக, மணிக்கு ஒரு டம்ளர் தண்ணீர்.

அது எங்கே விழுகிறது என்பதுதான் கேள்வி. ஒற்றைக் கட்டப் பம்பிலிருந்து வெளிவரும் காற்று 150 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அந்தச் சூட்டில் நீர் ஆவியாகவே டேங்குக்குள் போய், அங்கே குளிர்ந்து அடியில் தேங்கி டேங்கைத் தின்கிறது. டேங்கிலும் முழுவதும் குளிராமல் மிஞ்சியது குழாயில் குளிர்ந்து வண்ணம் தெளிக்கும் துப்பாக்கியின் முனையில் துளியாக வருகிறது. வடிகட்டியை டேங்கின் வாயிலேயே மாட்டினால் பயனில்லாமல் போவதற்குக் காரணம் இதுவே: ஆவியை வடிகட்டி பிடிக்காது, துளியை மட்டுமே பிடிக்கும்.

ஆகவே டேங்குக்கு முன்பே காற்றைக் குளிரவைக்க வேண்டும். பம்புக்கும் திரும்பு தடுப்பு வால்வுக்கும் இடையே, துடுப்புத் தகடுகள் கொண்ட குளிர்விப்பான் ஒன்றைப் பொருத்துங்கள். அந்த அழுத்தத்துக்கும் வெப்பத்துக்கும் உரிய தரக்குறிப்பு அதற்கு இருக்க வேண்டும். பம்ப் சக்கரம் வீசும் காற்றின் பாதையில் நிறுத்தினால் தனி விசிறி தேவைப்படாது. காற்று மேலே நுழைந்து கீழே வெளியேறட்டும். வெளியேறும் இடத்தில் வடிகால் கொண்ட நீர்ப்பிரிப்பான் ஒன்று. செம்புக் குழாய் இதற்கு அருமையான பொருள், ஆனால் அதிர்வில் இறுகி விரிசல் விடும் குணம் அதற்கு உண்டு. பம்பிலிருந்து புறப்படும் இடத்தில் ஒரு வளையம் சுற்றி, பிறகு உறுதியான பிடிப்பான்கள் கொடுங்கள்.

டேங்கின் வடிகாலையும் மாற்றுங்கள். அடியில் படுத்துக்கொண்டு திருக வேண்டிய சிறிய திருகு வால்வை யாரும் தினமும் திறப்பதில்லை. ஒரு முழங்கை இணைப்பும் குட்டிக் குழாயும் வைத்து, கைக்கு எட்டும் இடத்தில் கால் சுற்று வால்வைக் கொண்டுவந்துவிட்டால் வேலை முடியும் ஒவ்வொரு நாளும் அது திறக்கப்படும்.

காற்றுக் குழாய்

பி.வி.சி. குழாய் வேண்டவே வேண்டாம். வெப்பத்திலும் எண்ணெய் ஆவியிலும் நொறுங்கும் தன்மை பெற்று, உடையும்போது கூர்மையான சில்லுகளாகச் சிதறுகிறது. பல ஆண்டு எதுவும் ஆகாமல் இருப்பது அதன் பாதுகாப்புக்குச் சான்றல்ல. செம்பு, அலுமினியம், எஃகு, அல்லது அழுத்தக் காற்றுக்கென்றே தயாரித்த குழாய் ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

டேங்குக்கும் சுவர்க் குழாய்க்கும் இடையே வளையும் ஹோஸ் ஒன்று வேண்டும். இல்லையேல் அதிர்வு மூட்டுகளைத் தளர்த்தும். முதன்மைக் குழாய் நூறுக்கு ஒன்று என்ற கணக்கில் சரியட்டும். தாழ்ந்த முனையில் வடிகால். ஒவ்வொரு கிளையையும் முதன்மைக் குழாயின் மேற்புறத்திலிருந்து எடுத்து, வளைத்துக் கீழே இறக்குங்கள். அடியில் ஓடும் தண்ணீர் கிளைக்குள் நுழையாது. வடிகட்டியும், அழுத்தத்தைக் குறைத்துச் சீராகத் தரும் ரெகுலேட்டரும் டேங்கிலிருந்து தள்ளி, கருவிக்கு அருகில்.

கைக் கருவிக்குப் போகும் ஹோஸில் 6 மி.மீ. உள்விட்டத்திலிருந்து 10 மி.மீ.க்கு மாறினால் காற்று செல்லும் பரப்பு இரண்டே முக்கால் மடங்கு ஆகிறது. மோட்டாரைத் தொடாமலேயே கருவி வலுப்பெறும்.

நிறுத்துமிடமும் முதல் ஓட்டமும்

டேங்கின் கால்களைக் கான்கிரீட் தரையோடு இறுக்கி முடுக்காதீர்கள். அதிர்வு போக வழியின்றிக் கால் பற்றவைப்பில் விரிசல் விழும். ரப்பர் தாங்கிகள் மீது நிறுத்தி, நகராத அளவுக்கு மட்டும் பிடித்தால் போதும். சுவரிலிருந்து ஓர் அடியாவது தள்ளி இருக்கட்டும். பம்ப் காற்றை இழுக்கும் ஓசைதான் இரைச்சலில் பெரும்பங்கு என்பதால், வடிகட்டியை அகலமான குழாய் மூலம் நிழலான வெளிப்புறத்துக்குக் கொண்டுபோனால் பட்டறை அமைதியாகும். குளிர்ந்த, தூசியற்ற காற்றும் கிடைக்கும். அதன் வாய் வாகனப் புகையோ கரைப்பான் ஆவியோ வரும் பக்கம் திரும்பக் கூடாது.

முதல் ஓட்டத்தில் வடிகாலை முழுவதும் திறந்துவைத்து, அழுத்தமில்லாமல் இருபது நிமிடம் ஓட்டுங்கள். பிறகு வடிகாலை மூடி, அழுத்தம் ஏறும்போது கம்பியைக் கவ்வி அளக்கும் கிளாம்ப் மீட்டரில் மின்னோட்டத்தைக் கவனியுங்கள். நிறுத்தப் புள்ளியை நெருங்கும்போதும் அது மோட்டார் தகட்டில் உள்ள எண்ணைத் தாண்டக் கூடாது. தாண்டினால் புல்லியைச் சிறிதாக்குங்கள். பிரஷர் சுவிட்ச் 7 பாரில் நிறுத்துகிறதா, வெளியேற்று வால்வு ‘புஸ்’ என்கிறதா, 5 பாரில் மோட்டார் சுமையின்றிப் புறப்படுகிறதா என்று நான்கைந்து சுற்றுகள் பாருங்கள். சேஃப்டி வால்வின் வளையத்தை, காதுக்கவசமும் கண்ணாடியும் அணிந்துகொண்டு, ஒருமுறை இழுத்துவிடுங்கள். மாதம் ஒருமுறை அதைத் தொடர வேண்டும். அதே 4 பாரிலிருந்து 7 பார் வரையிலான நேரத்தை மீண்டும் அளந்து, தேதியோடு டேங்கின் மேலேயே எழுதிவையுங்கள். பின்னாளில் ரிங் தேய்வதை அந்த எண்தான் முதலில் காட்டும். இயந்திரம் முழுவதும் ஆறிய பிறகு ஹெட் போல்ட்டுகளை மறுபடி ஒரு சுற்று முறுக்கி, முதல் எண்ணெயைச் சில மணி நேர ஓட்டத்திலேயே வடித்து மாற்றிவிடுங்கள்.